ஆண் மீனுக்குள் சினை: பழி மாத்திரைக்கு மட்டும்தானா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, குட் மார்னிங் பூக்களுக்கு நடுவுல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். கருத்தடை மாத்திரை சாப்பிடுற பெண்களால ஆத்துல ஆண் மீனே இல்லாம போயிடுச்சாம். கீழே ஒரு மீன் படம், மூணு ஆச்சரியக்குறி. அதுக்கும் கீழே அத்தை ஒரு அழுகிற எமோஜி.

எனக்கு பிசிஓஎஸ் இருக்கு. மாதவிடாய் ஒழுங்கா வரணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தது அதே மாத்திரையைத்தான். அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல 'எத்தினைல் எஸ்ட்ராடியால்'னு போட்டிருக்கும். குரூப்ல இருக்கிறவங்கள்ல அம்மாவைத் தவிர யாருக்கும் இது தெரியாது. ஃபார்வர்டைப் படிச்சதும் முதல்ல கோபம் வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு உறுத்தல். ஒருவேளை உண்மையா இருந்தா?

அதனால ஆய்வுகளைத் தேடிப் படிச்சேன். பாதி உண்மை. அந்தப் பாதியே ரொம்ப சீரியஸான விஷயம். மீதிப் பாதி, யார் மேல பழி போடுறதுங்கிற அரசியல். இன்னைக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கலாம்.

லீ ஆற்று மீன்

கதை தொடங்குற இடம் இங்கிலாந்து. லண்டனுக்கு வடக்கே இருந்து ஓடிவந்து தேம்ஸ்ல கலக்குற ஆறு, லீ. 1970களின் இறுதியில், அந்தப் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணி சேருற குளங்கள்ல பிடிச்ச சில ரோச் மீன்கள் விநோதமா இருந்தன. ரோச்னா கரப்பான் இல்லைங்க, நம்ம கெண்டைக்குச் சொந்தக்கார மீன். வெளியே பார்த்தா எந்த வித்தியாசமும் இல்ல. அறுத்துப் பார்த்தா ஆணா பெண்ணான்னு சொல்ல முடியல. விந்தகத்துக்குள்ளேயே முட்டை இருந்துச்சு. மீன் வாங்கும்போது 'சினை இருக்கா அண்ணே'ன்னு கேட்போமே, அந்தச் சினை, ஆண் மீனுக்குள்ள.

இது எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஒரு எளிமையான சோதனை செஞ்சாங்க. முட்டைக்குள்ள மஞ்சள் கரு உருவாக விட்டெல்லோஜெனின்னு ஒரு புரதம் வேணும். பெண் மீனின் ஈரல்தான் அதைச் செய்யும், ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் உத்தரவு கொடுத்தா. ஆண் மீனின் ஈரலுக்கும் அந்த வித்தை தெரியும், ஆனா உத்தரவு போட ஆள் கிடையாது. அதனால ஆண் மீனின் ரத்தத்துல அந்தப் புரதம் நிறைய இருந்தா ஒரே ஒரு அர்த்தம்தான்: எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜென் மாதிரி ஏதோ ஒண்ணு உள்ளே போயிருக்கு.

ஆண் ட்ரவுட் மீன்களைக் கூண்டுல போட்டு, சுத்திகரிப்பு நிலையங்கள்ல இருந்து தண்ணி வெளியேறுற இடத்துல மூணு வாரம் வச்சாங்க. 1994ல வெளியான முடிவுப்படி, அந்தப் புரதம் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியிருந்தது. அதுவும் ஒரு ஊர்ல மட்டும் இல்ல, நாடு முழுக்கப் பல இடங்கள்ல.

1998ல சூசன் ஜாப்ளிங், சார்ல்ஸ் டைலர், ஜான் சம்ப்டர் உள்ளிட்ட குழு, எட்டு ஆறுகள்ல ரோச் மீன்களைப் பிடிச்சு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. கழிவுநீர் கலக்குற இடத்துக்குக் கீழே, சில இடங்கள்ல பிடிச்ச ஆண் மீன்கள் எல்லாத்துலயுமே ஏதோ ஒரு அளவுக்குப் பெண் தன்மை இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்த மற்ற நீர்நிலைகள்லயும் அப்படி மீன்கள் இருந்தன, ஆனா ரொம்பக் குறைவு.

தண்ணிக்குள்ள என்ன இருந்தது?

அந்தத் தண்ணியைப் பிரிச்சுப் பிரிச்சு ஆராய்ந்தப்போ மூணு பேர் சிக்கினாங்க. எஸ்ட்ரோன், எஸ்ட்ராடியால், எத்தினைல் எஸ்ட்ராடியால். இதுல முதல் ரெண்டும் இயற்கை ஹார்மோன்கள். பெண்கள் உடம்புலயும் உண்டு, ஆண்கள் உடம்புலயும் உண்டு. சிறுநீர்ல போகும்போது நம்ம உடம்பு அவற்றோட ஒரு மூலக்கூறை ஒட்டி, வேலை செய்யாதபடி ஆக்கித்தான் வெளியே அனுப்புது. வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துட்ட மாதிரி. ஆனா சாக்கடையில இருக்கிற பாக்டீரியா அந்தப் பூட்டை உடைச்சிடும். வண்டி திரும்ப ஓட ஆரம்பிச்சிடும்.

மூணாவதுதான் மாத்திரையில இருக்கிறது. பரிசோதிச்ச எல்லா நிலையத்துத் தண்ணியிலயும் அது அகப்படல. ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும்: அது இயற்கை ஹார்மோனை விட மீனுக்குப் பல மடங்கு வீரியமானது, சீக்கிரம் சிதையாது. அது எவ்வளவு வீரியம்னு தெரிஞ்சுக்க நாம கனடா போகணும்.

ஒரு ஏரி முழுக்கச் சோதனை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துல, ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கி வச்ச ஏரிகள் இருக்கு. அதுல ஒண்ணுக்குப் பேர் 260. பேரே நம்பர்தான். கேரன் கிட்டும் அவர் குழுவும் 2001ல இருந்து 2003 வரை, மூணு கோடைக்காலம், அந்த ஏரியில எத்தினைல் எஸ்ட்ராடியால் கலந்தாங்க. அளவு, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்.

ஒரு நானோகிராம்னா ஒரு கிராமை நூறு கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. இப்படிச் சொன்னா மண்டையில ஏறாது. உங்க தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. அதுல 30 மைக்ரோகிராம் மாத்திரை ரெண்டே ரெண்டு கரைச்சா வர்றதுதான் லிட்டருக்கு 5 நானோகிராம்.

அந்த ஏரியில ஃபேட்ஹெட் மின்னோன்னு விரல் நீள மீன் ஒண்ணு இருந்தது. ஆண் மீன்களின் ரத்தத்துல முட்டைப் புரதம் எகிறுச்சு. விந்தணு உருவாகுறது தடைப்பட்டுச்சு. சில ஆண்களுக்குள்ள முட்டை வந்துச்சு. இங்க ஒண்ணு கவனிக்கணும். மீன் கும்பல் கும்பலாச் செத்து மிதக்கல. தண்ணி தெளிவாத்தான் இருந்தது. நீங்களோ நானோ கரையில நின்னு பார்த்திருந்தா, செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்போம். ஆனா குஞ்சு பொரியல. குட்டி ஆயுள் உள்ள மீன் அது; அடுத்த தலைமுறை வரலைன்னா ரெண்டு மூணு வருஷத்துல கதை முடிஞ்சது. ஏரியில அந்த இனமே கிட்டத்தட்ட அழிஞ்சுபோச்சு. அதைத் தின்னு வாழ்ந்த பெரிய லேக் ட்ரவுட் மீன்களும் இரை இல்லாம குறைஞ்சது.

எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்ன இடம் இதுதான். ஒரு ரசாயனம் ஆபத்தானு பார்க்க வழக்கமா செய்யற அடிப்படைச் சோதனை, மீனை அதுல 96 மணி நேரம் வச்சு எத்தனை சாகுதுன்னு எண்ணுறது. அந்தச் சோதனையில 260ஆம் ஏரித் தண்ணி பாஸ் ஆகியிருக்கும். செத்ததை எண்ணலாம், பிறக்காததை எண்ண முடியாதே.

நல்ல செய்தியும் உண்டு. மருந்து கலக்குறதை நிறுத்தின பிறகு, சில வருஷங்கள்ல அந்தக் குட்டி மீன் கூட்டம் பழைய நிலைக்கு மீண்டு வந்துச்சு. குழாயை மூடினா ஏரி திரும்பி வரும்.

அப்போ குற்றவாளி மாத்திரைதானே?

இல்ல. இங்கதான் ஃபார்வர்டு சறுக்குது.

1980ல, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுல காகித ஆலைக் கழிவு ஓடுற ஒரு ஓடையில இதுக்கு நேர் எதிரான விஷயத்தைப் பதிவு செஞ்சாங்க. அங்கே பெண் மீன்களுக்கு ஆண் மீனின் துடுப்பு வளர்ந்திருந்தது. கொசுப் புழுவைத் தின்னட்டும்னு நம்ம ஊர்க் கிணறுகள்ல விடுவாங்களே கம்பூசியா, அதே வகை மீன். அந்த ஓடைக்கு யாருடைய மாத்திரை காரணம்?

இங்கிலாந்துக்கே திரும்புவோம். யார்க்‌ஷயர்ல ஏர்னு ஒரு ஆறு. அந்த வட்டாரம் கம்பளி ஆலைகளுக்குப் பேர் போனது. கம்பளியைக் கழுவப் பயன்படுத்தின சோப்புப் பொருள் சிதைஞ்சு நோனைல்ஃபீனால் ஆகும். அதுவும் ஈஸ்ட்ரோஜென் வேஷம் போடும். அந்த வகை சோப்பு ஆத்துல கலக்குறதைக் குறைச்சதும், கூண்டு மீன்கள்ல பாதிப்பும் குறைஞ்சது. 2021ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம், துவைக்கக்கூடிய துணிகள்ல அந்த வகை ரசாயனம் எடையில 0.01 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வச்சிருக்கு. இறக்குமதித் துணியை வீட்டுல துவைக்கும்போது அது அவங்க ஆத்துக்குப் போகுது, அதனால. ஏற்றுமதி பண்ற நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த விதி நல்லாவே தெரியும்.

இதோட ஆடு மாடு பன்றி வெளியேற்றுற ஹார்மோனையும் சேர்த்துக்கோங்க. 2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடிநீர்ல ஈஸ்ட்ரோஜென் தன்மைக்கு மாத்திரை எவ்வளவு காரணம்னு மொத்த ஆய்வுகளையும் வச்சுப் பார்த்தாங்க. மற்ற மூலங்களோட ஒப்பிட்டா மாத்திரையின் பங்கு சின்னதுங்கிறதுதான் அவங்க முடிவு.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாச் சொல்லணும். 'ஆண் மீனே இல்ல'ங்கிறதும் மிகை. இங்கிலாந்து ஆறுகள்ல ரோச் மீன் இன்னும் இனப்பெருக்கம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. லேசா பாதிக்கப்பட்ட ஆண் மீன் ஓரளவு சமாளிச்சிடுது. ஆனா கடுமையா பாதிக்கப்பட்டதை மற்ற ஆண்களோட போட்டியில விட்டா, அதுக்குப் பிறக்குற குஞ்சுகள் 76 சதவீதம் வரை குறையுதுன்னு 2011ல வந்த ஒரு ஆய்வு காட்டுது. 'ஒண்ணும் ஆகல'ன்னும் சொல்ல முடியாது, 'எல்லாம் போச்சு'ன்னும் சொல்ல முடியாது.

யார் பணம் கட்டுறது?

ஓசோன் செலுத்தியோ கிளர்வூட்டிய கரி வழியா வடிகட்டியோ இந்த ஹார்மோன்களைப் பெருமளவு நீக்க முடியும். தொழில்நுட்பம் தயாரா இருக்கு. கேள்வி, காசு. சுவிட்சர்லாந்து 2016ல இருந்து ஆளுக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலிச்சு, நிலையங்களை மேம்படுத்துது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல திருத்தின சட்டம், இந்தக் கூடுதல் செலவுல குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் கட்டணும்னு சொல்லுது. மாத்திரை முழுங்குறவங்க கிட்ட இல்ல, அதை வித்து லாபம் பார்க்கிறவங்க கிட்ட கேட்கிறாங்க. அதைச் சில நிறுவனங்கள் எதிர்க்கிறதுல ஆச்சரியம் இல்லை.

நம்ம ஊர்? காவிரி, தாமிரபரணி, வெள்ளாறு மூணுலயும் நோனைல்ஃபீனால், பிஸ்ஃபீனால் ஏ மாதிரி ரசாயனங்கள் இருக்கிறதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு பண்ணியிருக்காங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்கள்ல ஒரு நாளைக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகுது. அதுல சுத்திகரிக்கப்படுறது சுமார் 28 சதவீதம்தான். ஓசோன், கரி எல்லாம் அப்புறம். முதல்ல சாக்கடை சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போய்ச் சேரணும்.

நம்மால முடிஞ்சது? மீந்துபோன மாத்திரையைக் கழிப்பறையில போட்டுத் தண்ணி விடாதீங்க. இந்த எபிசோடைக் கேட்டுட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்தவும் செய்யாதீங்க. அதை அழுத்திச் சொல்றேன்.

இதெல்லாம் படிச்சு முடிச்ச அன்னைக்கு சித்தப்பாவுக்கு போன் பண்ணேன். குரூப்ல சண்டை போட விருப்பம் இல்ல. முழுக்கக் கேட்டார். "அப்போ மாத்திரையால இல்லையாம்மா?"ன்னார். "அதுவும் இருக்கு சித்தப்பா. ஆனா நீங்க, நான், ஆலை, மாட்டுப் பண்ணை எல்லாரும் சேர்ந்து அனுப்புறதுதான். வடிகட்ட வேண்டியவங்க வடிகட்டல"ன்னேன். அப்புறம், ஏன்னு தெரியல, சொல்லிட்டேன்: "அந்த மாத்திரையை நானும் சாப்பிடுறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "உடம்பு இப்போ தேவலையா?"ன்னு கேட்டார். தேவலைன்னேன். சாயங்காலம் குரூப்ல பார்த்தா, அந்த ஃபார்வர்டு இருந்த இடத்துல 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு இருந்துச்சு. அத்தையோட எமோஜி மட்டும் எதுக்கு அழுகுதுன்னே தெரியாம அங்கேயே இருக்கு.

உங்க குடும்ப குரூப்லயும் இந்த மாதிரி ஃபார்வர்டு சுத்துனா எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.