தருவைகுளத்துச் சொல்லுக்கும் விலை உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளிடம் வேலை பிடிப்பது எப்படி' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் தருவைகுளத்துக்காரன். ஊரில் இருந்தபடியே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று பிழைக்கிறவன். 'கம்ப்யூட்டரே மொழிபெயர்க்குதே, இதுல இனிமே என்னண்ணே இருக்கு?' என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் சேர்த்தே பேசுகிறேன்.

இந்தத் தொழில் நம் கரைக்குப் புதிதில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களை வைத்துத்தான் ஜெபங்களைத் தமிழாக்கினார். அவருக்குப் பின் புன்னைக்காயலில் இருந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புதான். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரர். இரண்டு பக்கமும் அவரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் அவருடைய முதல்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் தருவைகுளத்துப் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்தது. அதில் 12 பேர். 2024 ஆகஸ்டில் இரண்டு படகுகளில் போன 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்து, வழக்கு புத்தளம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கரையில் திவெஹி மொழி, இன்னொரு கரையில் சிங்களம். பிடிபட்டவருக்குத் தெரிந்தது நம் கடற்கரைத் தமிழ். அந்த இடத்தில் நடுவில் நிற்பவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்?

இலங்கையில் 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். நம் ஊரார் பெரும்பாலும் செவுள்வலைக்காரர்கள். இரண்டையும் வெறும் 'வலை' என்று சொல்லிவிட்டுப் போனால், ஒருவர் செய்யாத குற்றம் அவர் தலையில் விழலாம். 'கச்சான் தள்ளிட்டுது' என்று நம் ஆள் சொன்னால் அது காற்று. யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் கச்சான் என்றால் வேர்க்கடலை. டொராண்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் எது முதலில் காதில் விழும்? தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். கம்ப்யூட்டருக்கும் இந்த இடத்தில் கால் வழுக்கும்.

இனி ஏஜென்சி என்றால் யார் என்று பார்ப்போம். ஒரு மருந்துக் கம்பெனிக்கோ மருத்துவமனைக்கோ பத்து மொழியில் ஒரே தாள் வேண்டும். அவர்கள் பத்து ஆளைத் தேட மாட்டார்கள். ஒரு ஏஜென்சியிடம் கொடுப்பார்கள். ஏஜென்சி நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். படகுக்கும் கம்பெனிக்கும் நடுவில் வியாபாரி நிற்கிற மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மீன் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவார். வெளிநாட்டு ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நம் சரக்கை அவரால் பார்க்கவே முடியாது. ஆகவே அவர் நம்மைத்தான் பார்க்கிறார். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

அவர் எதைப் பார்க்கிறார்? முதலில் தகுதி. 2015-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 17100 என்ற தர விதி மூன்று வழி சொல்கிறது: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம், அல்லது ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம். ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும் என்பதும் அதே விதி. ஆகவே தனியாகப் போகாதீர்கள். ஒரு நண்பரோடு ஜோடி சேர்ந்து, ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விண்ணப்பம். 'எல்லாத் துறையும் செய்வேன்' என்று எழுதுகிற பயோடேட்டா ஆயிரம் வருகிறது. நீங்கள் முதல் மூன்று வரியில் சொல்ல வேண்டியவை: எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எந்தத் துறை, ஒரு நாளைக்கு எத்தனை சொல், சொல்லுக்கு என்ன விலை. நாளுக்கு 2000 சொல் என்பது நாணயமான கணக்கு. துறை என்று எழுதும்போது கூச்சப்பட வேண்டாம். மீன்பிடி, உப்பளம், துறைமுகம், கப்பல் சரக்கு, கடல் உணவு ஏற்றுமதி, இதெல்லாம் துறைதான். சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். தொழிற்சாலை என்று ஒன்று வந்தால் பாதுகாப்புக் குறிப்பும் பயிற்சிக் கையேடும் தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் வேண்டும்.

மூன்றாவது விலை. எந்த மொழிச் சொல்லை எண்ணப் போகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். 'ஃப்ரம் தி போட்' என்பது மூன்று சொல். 'படகிலிருந்து' ஒரே சொல். தமிழை எண்ணினால் நம் கூலி குறையும். மூலச் சொல்லை எண்ணுவதே நமக்கு நியாயம். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும் வேலை இப்போது நிறைய வருகிறது. அதற்கு விலை குறைவு. சில சமயம் புதிதாக எழுதுவதைவிட நேரம் அதிகம். கோப்பைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ட்ராடோஸ் போன்ற மென்பொருள் கேட்பார்கள். வாங்கப் பணமில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஒமேகா-டியில் கை பழகலாம்.

நான்காவது எச்சரிக்கை. பதிவுக் கட்டணம் கேட்கிறவர் ஏஜென்சி இல்லை. 'செக்கில் கூடுதலாகப் போட்டுவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்பு' என்பவர் திருடர். சோதனைக்கு 300 சொல் இலவசமாகச் செய்யலாம். 3000 சொல் கேட்டால் அது சோதனை இல்லை, வேலை. எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குங்கள். ஒரே ஏஜென்சியை நம்பி இருக்காதீர்கள். ஒரே வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கின படகுக்கு விலை பேச வாய் கிடையாது என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

வாய்மொழியாகப் பேசிப் பெயர்க்கிற வேலைக்கு வெளிநாட்டில் தனித் தேர்வுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1977-இல் தொடங்கிய நாட்டி அமைப்பு சான்று கொடுக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கனடாவின் குடிவரவு, அகதிகள் வாரியம் மொழித் தேர்வும் பாதுகாப்புச் சோதனையும் வைத்துச் சுயேச்சைக்காரர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அங்கே இருக்கும் நம் பழைய மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். அங்கே கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் நம்மூர்க்காரர் என்று இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சேர்த்தாலும் அவருக்கே கெடுதல். புரியவில்லை என்றால் 'மறுபடி சொல்லுங்க ஐயா' என்று கேட்பதில் அவமானம் இல்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காற்று, நீரோட்டம், வலை, படகின் பாகம், மீன், இவற்றின் சொற்களை நம் கரை வழக்கில் தொகுத்து, பக்கத்தில் ஆங்கிலமும் எழுதுவோம். விடுமுறையில் தம்பி தங்கைகள் அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து எழுதி வரட்டும். அச்சுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வேலை தேடும் பிள்ளைக்கு அது கையில் ஒரு சான்று. வேற்றுக் கரையில் விசாரணைக்கு நிற்கிற நம் ஆளுக்கு அது பேசும் வாய்.