மிகை மெய்ம்மையும் மக்களும்

(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆக்மென்டட் ரியாலிட்டி என்னும் புதிய சாதனத்தைப் பற்றியதாகும். இதைத் தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. கைப்பேசியின் வழியாகவோ, இதற்கென்று செய்த மூக்குக் கண்ணாடியின் வழியாகவோ ஒரு தெருவைப் பார்த்தால், அங்குள்ள வீடும் மரமும் தெரிவதோடு, அங்கே இல்லாத ஒரு பொம்மையோ, எழுத்தோ, விளம்பரமோ உண்மையாக இருப்பதுபோல் சேர்ந்து தெரியும். அவ்வளவுதான் சங்கதி.

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விஞ்ஞானத்தைக் கண்டு நடுங்குவது பஞ்சாங்கக்காரர்கள் வேலையே தவிர நம் வேலையல்ல. ரணசிகிச்சை செய்யும் டாக்டருக்கும், யந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளிக்கும் இதனால் நன்மை உண்டு. ஆனால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தை யார் கையில் இருக்கிறது, எதற்காகக் காட்டுகிறார்கள், லாபம் யாருக்கு என்று கேட்க வேண்டாமா? கல்லைக் கடவுளாகக் காட்டியவர்களிடம் நாம் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தானே?

வெறும் வாதம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுகிறோம். 2016-ஆம் வருஷம் ஜூலை மாதம், நையான்டிக் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் போகிமான் கோ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்து, இல்லாத பிராணிகளைப் பிடிப்பதுதான் அந்த விளையாட்டு. கோடிக்கணக்கான பேர் அலைந்தார்கள். சுமார் 11 லட்சம் மக்கள் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமின் நிர்வாகிகள், “இங்கே வேண்டாம்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் கார் ஓட்டிக்கொண்டே விளையாடினார்கள். இண்டியானா மாகாணத்தில் டிப்பிகனூ என்னும் ஒரே ஜில்லாவின் போலீஸ் கணக்குகளைப் பர்டூ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். முதல் 148 நாட்களில் இந்த விளையாட்டால் ஏற்பட்ட நஷ்டம், உயிர்ச்சேதம் உள்பட, 52 லட்சம் முதல் 255 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

“ஜனங்கள் புத்தியில்லாமல் நடந்தால் யந்திரம் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கலாம். சரி, அதை விட்டுவிடுவோம். ஜனங்களை எங்கே நடக்க வைத்தார்கள் என்று பாருங்கள். அதே வருஷம் ஜப்பானில் விளையாட்டு வந்தபோது, பணஒப்பந்தத்தின் பேரில் மெக்டொனால்ட் சாப்பாட்டுக் கடைகள் சுமார் 3,000 அதன் இடங்களாக ஆக்கப்பட்டன. விளையாடினவன் பிராணியைத் தான் துரத்துவதாக எண்ணினான். உண்மையில் அவன்தான் கடை வாசலுக்குத் துரத்தப்பட்டான். தலபுராணம் எழுதிக் கூட்டம் சேர்த்தவர்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன பேதம்?

இன்னொன்று கேளுங்கள். வாஷிங்டன் நகரில் இந்த விளையாட்டுக்குரிய இடங்களை அர்பன் இன்ஸ்டிடியூட் என்னும் நிலையத்தார் 2016-இல் எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையர் அதிகமாக வாழும் பகுதிகளில் சராசரி 55. கறுப்பு மக்கள் அதிகமாக வாழும் பகுதிகளில் 19. இதற்காக யாரும் சதி செய்யவில்லை. அக்கம்பெனியாரின் முந்தைய விளையாட்டில் ஆடினவர்கள் எழுதிக் கொடுத்த இடங்களையே எடுத்துக்கொண்டார்கள். அவரவர் தம் கண்ணில் பட்ட இடங்களை எழுதினார்கள். அவர்கள் கண்ணில் படாத மக்கள் படத்திலும் இல்லாமல் போனார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்த மனு இல்லாமலே புதுச் சேரி உண்டாகிவிட்டது!

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. 2024-இல் ஹார்வர்டு மாணவர் இருவர், கடையில் விற்கும் காமிராக் கண்ணாடியையும் முகம் அறியும் கருவியையும் இணைத்தார்கள். தெருவில் போகும் அந்நியரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் பெயர், விலாசம் முதலியவை கைப்பேசியில் வந்து நின்றன. உலகத்தை எச்சரிக்கவே அவர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். நாளை இந்த எழுத்து கண்ணாடியிலேயே, எதிரே வருபவரின் நெற்றிக்கு நேராகத் தெரியலாம்.

தோழர்களே! 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னுள்ள ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று நம் இயக்கம் தீர்மானித்தது. எதற்காக? பெயரைக் கேட்டவுடன் ஜாதி தெரியக் கூடாது என்பதற்காக. கிராமத்தில் குனிந்து நடந்தவன் பட்டணத்துத் தெருவில் நிமிர்ந்து நடக்கிறான் என்றால், அங்கே அவனை இன்னான் என்று யாருக்கும் தெரியாததும் ஒரு காரணமல்லவா? பெயரையும் ஊரையும் காட்டும் கண்ணாடிக்கு ஜாதியைக் காட்ட எத்தனை நாள் வேண்டும்? நாம் வெட்டிய வாலை அது மறுபடியும் ஒட்டவைத்துவிடாதா?

ஆகையால் நாம் கேட்பது இவைதாம். ஒருவர் சம்மதமின்றி அவர் முகத்தைக் கொண்டு அவரை அடையாளம் காண்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். பணம் வாங்கிக் காட்டுவதைப் பணம் வாங்கிக் காட்டுவதாகவே சொல்ல வேண்டும். எந்த இடத்தின் மேலும், அந்த இடத்தாரைக் கேளாமல் பொம்மை வைக்கக் கூடாது.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரையில், கண்ணாடி காட்டுவதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்; யோசித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடிக்கிறோம்.