நிறத்துக்கு ஓர் அளவுகோல்

அகமதாபாத் நகரின் ரத்தன்போள் கடைத்தெருவில் சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி தேடி அலைந்த அனுபவம் அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. மாதுங்காவில் வாழ்வோருக்கும், கரோல் பாக்கில் வாழ்வோருக்கும் இது புதிதன்று. கடைக்காரர் பத்துத் துண்டுகளை எடுத்து விரிக்கிறார். அவற்றுள் ஒன்று சேலையோடு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. ஆயினும் வீட்டு அம்மையாருக்கு மனம் ஒப்புவதில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாயிலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். உள்ளே ஒன்றாயிருந்த நிறம் வெளியே இரண்டாகிவிடுகிறது. கடைக்காரர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்த அம்மையார் செய்தது, சாயத் தொழிலின் சோதனைக்கூடங்களில் நாள்தோறும் நடைபெறும் ஒரு சோதனையேயாகும்.

நிறம் துணியில் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஒளி, துணி, கண் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் நிறம் தோன்றுகிறது. துணியில் ஏறிய சாயம், தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியைக் கண் வாங்கி மூளைக்குச் சொல்கிறது. மூன்றில் ஒன்று மாறினாலும் நிறம் மாறிவிடும். துணி மாறாமலே நிறம் மாறுவதற்கு இதுவே காரணம்.

கண்ணைப் போன்ற நுட்பமான கருவி இல்லை என்பது மெய்தான். ஆனால் அதன் சாட்சியத்தை எப்போதும் அப்படியே ஏற்பதற்கில்லை. பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுச்சாலையில் 1824ஆம் ஆண்டு சாயப் பகுதியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். அங்கே சாயமிட்ட கறுப்பு நூல் வலுவற்று வெளிறித் தோன்றுகிறது என்று நெசவாளர்கள் முறையிட்டனர். அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறையொன்றும் இல்லை. கறுப்புக்கு அருகில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே அதன் வலுவைக் குறைத்துக் காட்டின. அண்டை வீட்டாரைப் பொறுத்து ஒருவரது மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் போல, பக்கத்து நிறத்தைப் பொறுத்து ஒரு நிறத்தின் தோற்றமும் மாறுகிறது.

இவையன்றி, வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாய்கிறது. ஆண்களுள் நூற்றுக்குச் சிலர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவராய்ப் பிறக்கின்றனர். நேற்றுக் கண்ட நிறத்தை இன்று நினைவிலிருந்து சரியாகச் சொல்லவல்லவரும் அரியர். ஆகவே, நீளத்தை முழம் போட்டு அளந்த நாம் மீட்டர் கோலை நாடியது போல, நிறத்துக்கும் ஓர் அளவுகோலை நாட வேண்டியதாயிற்று.

அந்த அளவுகோலுக்கு அடித்தளம் இட்ட ஆண்டு 1931. இங்கிலாந்தில் ரைட், கில்டு என்னும் இருவர் தனித்தனியே சோதனைகள் நடத்தினர். மக்களின் கண்கள் நிறங்களை எவ்வாறு பொருத்துகின்றன என்பதை அளந்தறிந்தனர். அம்முடிவுகளைக் கொண்டு, ஒளிக்கான பன்னாட்டுக் குழு ‘சராசரிக் கண்’ ஒன்றை வகுத்தது. அன்று முதல் எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிப்பிட வழி பிறந்தது. 1976இல் அதே குழு வெளியிட்ட முறையே இன்று சாய ஆலைகளில் பெரிதும் வழங்குகிறது. அதில் முதல் எண் வெளிச்சத்தைக் குறிப்பது. முழுக் கறுப்புக்குப் பூஜ்யம், தூய வெண்மைக்கு 100. இரண்டாவது எண், நிறம் சிவப்பின் பக்கம் சாய்கிறதா, பச்சையின் பக்கம் சாய்கிறதா என்பதைச் சொல்லும். மூன்றாவது எண், மஞ்சளா நீலமா என்பதைச் சொல்லும்.

மாதிரித் துணிக்கும் ஆலைத் துணிக்கும் வெளிச்சத்தில் 0.6, சிவப்பில் 0.8 வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது எண்ணில் வேறுபாடு இல்லை. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கின்படி இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக ஒன்று. ஆனால் எல்லா நிறங்களிலும் இந்த ஒன்று ஒரே அளவாகக் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. சாம்பல் நிறத்தில் சிறு மாற்றமும் உறுத்தும். ஆழ்ந்த சிவப்பில் அதே மாற்றம் புலப்படாமலே போகும். இதைக் கருதி, 1984இல் சாயத் தொழிலாளர்க்கென்றே திருந்திய கணக்குமுறை ஒன்று வந்தது. வாங்குவோரும் விற்போரும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஓர் எல்லையைப் பேசி முடிவு செய்துகொள்கின்றனர்.

இந்த எண்களைத் தரும் கருவிக்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், அதாவது நிறமாலை ஒளிமானி என்று பெயர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அது அளக்கிறது. அளவுகள் ஒரு வளைகோடாக வந்து நிற்கும். அந்த வளைகோடு ஒருவருடைய மானத்தைக் காத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. குஜராத்தில் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் நான் பணியாற்றிய காலம். அங்கே நாற்பது ஆண்டு அனுபவமுள்ள டையிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் காகா என்றே அழைப்பர். குஜராத்தியில் சிற்றப்பன் என்று பொருள். ஒரு முறை ஆலிவ் பச்சைத் துணி பெருமளவில் சாயமேற்றி அனுப்பப்பட்டது. வடக்குச் சன்னலின் பகல் ஒளியில் மாதிரியோடு வைத்துப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டவர் காகாதான். ஒரு வாரத்தில் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. வாங்கியவரின் அலுவலகத்துக் குழல் விளக்கில் துணி பழுப்பேறித் தோன்றியதாம். “கிழவருக்குக் கண் போய்விட்டது, இனி ஓய்வு கொடுத்துவிடலாம்” என்று நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது.

மாதிரியையும் சரக்கையும் நான் ஒளிமானியில் வைத்து அளந்தேன். இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. மூன்று இடங்களில் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. பகலொளிக்குக் கணக்கிட்டால் இரண்டும் ஒரே நிறம். குழல் விளக்குக்குக் கணக்கிட்டால் வெவ்வேறு நிறம். சாயக் கலவையே மாறியிருக்கிறது என்பதற்கு இது சான்று. கிடங்கில் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. விலை குறைவு என்பதற்காக மஞ்சள் சாயத்தை வேறொன்றாக மாற்றி வாங்கியிருந்தனர். அச்செய்தியைச் சாயப் பகுதிக்கு எவரும் சொல்லவில்லை. காகாவின் கண் பார்த்தது பார்த்தபடியே சொல்லியிருந்தது.

வளைகோடு வரைந்த தாளை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “பேட்டா, இந்தத் தாளைக் கொஞ்சம் எனக்குக் கொடு, வீட்டில் காட்ட வேண்டும்” என்றார். கருவி வந்தால் தம் பிழைப்புப் போய்விடும் என்று அதுவரை அந்த அறைப்பக்கமே வாராதவர் அவர்.

எனினும், அளந்து பார்ப்பதனால் மட்டும் தரம் வந்துவிடாது. அளவு என்பது தீர்ப்பு. தரம் என்பது அதற்கு முந்திய ஒழுக்கம். 500 கிலோ பருத்தித் துணிக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் சாயம் என்றால் 10 கிலோ வேண்டும். மழைக்காலத்து ஈரத்தால் அந்த எடையில் 25 கிலோ மிகையான நீராயிருந்தால், அரைக் கிலோ சாயம் வீணே கூடிவிடுகிறது, நிறமும் அழுத்தமாகிவிடுகிறது. நீரின் கடினத்தன்மை, உப்பின் அளவு, சோடா சேர்க்கும் நேரம், தொட்டியின் வெப்பம் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வாறே நிறத்தை இழுக்கும். சாயமேற்றிய பின்னர் மென்மைக்காகச் சேர்க்கும் பொருளும், உலர்த்தும் சூடும் நிறத்தை மாற்றவல்லவை. ஆதலால் இறுதிப் பதம் பார்த்த பிறகே தீர்ப்புக் கூற வேண்டும். சூட்டோடு அளந்தாலும் எண் பிசகும். துணியை ஆறவிட்டு, 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்திருந்து அளப்பதே முறை. கருவியையும் நாள்தோறும் வெள்ளை ஓட்டில் வைத்துச் சரிபார்த்தாக வேண்டும். தராசு தவறினால் நிறுப்பவனின் நேர்மையால் பயன் என்ன?

நிறம் பொருந்தினால் போதாது. அது நிலைக்கவும் வேண்டும். துவைத்த துணி வெளுத்த அளவைச் சாம்பல் நிறப் பட்டைகளோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவர். ஐந்து என்றால் மாற்றமே இல்லை. வெயிலில் நிற்கும் திறனுக்கு நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு ஒன்று முதல் எட்டு வரை இடுவர். சன்னல் திரைக்கு வாங்கும் துணியில் இந்த இரண்டாவது மதிப்பெண்ணே முக்கியமானது.

முதல் முறையிலேயே நிறம் சரியாக வாராவிட்டால் நேரும் இழப்பு ஆலையோடு நிற்பதில்லை. அதே துணிக்கு மறுபடியும் நீர், நீராவி, உப்பு, சாயம் எல்லாம் செலவாகின்றன. அத்தனை கழிவும் எங்கேனும் வெளியேற வேண்டும். இராஜஸ்தானத்துப் பாலி நகரின் பாண்டி ஆறும், நம் திருப்பூரின் நொய்யலும் சாயக் கழிவால் பட்ட துன்பத்தை நாடறியும். அங்குப் பயிர் செய்தோர் எவரும் நிறம் பொருந்தவில்லை என்று குறை கூறியவரல்லர். ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களும்தான். மறுமுறை சாயமேற்றுவதைத் தவிர்க்கும் ஒவ்வொரு சரியான அளவும் ஆற்றுக்குச் செய்யும் ஒரு சிறு உபகாரம்.

கருவி கண்ணுக்கு மாற்றாக வந்ததன்று. வெல்வெட்டின் மயிர் சாயும் திசையையும், கரைக்கும் உடலுக்கும் உள்ள இசைவையும் இன்னும் கண்ணே உணர்கிறது. கண்ணின் சொல்லுக்கு ஒரு சாட்சி வேண்டும்போது கருவி துணை நிற்கிறது. பழி யார்மேல் விழவேண்டும் என்று விளங்காத இடத்தில் அது நடுநிலை பேசுகிறது.

அடுத்த முறை துணி வாங்கச் செல்லும்போது, கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். துணிகளை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு வாருங்கள். பகல் ஒளியிலும் பாருங்கள். எந்த விளக்கின் கீழ் உடுத்தப் போகிறீர்களோ அந்த விளக்கிலும் பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால், எங்கோ ஓர் ஆலையில் யாரோ ஒருவர் தம் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்.