குங்ஃபூவும் நிஞ்சாவும்



ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் போன்ற ஊர்களில், தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்மில் பலருக்குச் சிலம்பம் தெரியும், சீனமொழி தெரியாது. ஆயினும் ஹாங்காங் குங்ஃபூ படங்கள் நமக்குப் புரிந்தன. அங்கே கதையைச் சொல்வது கையும் காலும் அல்லவா?

அவற்றில் ஜப்பானிய நிஞ்சாவும் சேர்ந்துவிட்டால் சுவை கூடுகிறது. குங்ஃபூ வீரன் எதிரே நின்று மோதுவான். நிஞ்சா மறைந்திருந்து தாக்குவான். சாங் சே 1982இல் இயக்கிய 'ஃபைவ் எலமென்ட் நிஞ்சாஸ்' படத்தில் நிஞ்சாக்கள் மரங்களாக நிற்பார்கள், நீருக்குள் பதுங்குவார்கள், மண்ணுக்கடியிலிருந்து குத்துவார்கள். அடுத்த அடி எங்கிருந்து வருமோ என்று நாம் பதைக்கிறோம்.

ஆனால், 1941 இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தொழிலாளர் பலர். அந்தத் துயரத்தை அறிந்த நாம், திரையில் ஜப்பானியர் அடிபடுவதைப் பார்த்துத்தான் மகிழ்கிறோமா?

லாவ் கார் லியோங் 1978இல் இயக்கிய 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்தைப் பாருங்கள். சீனக் கணவனுக்கும் ஜப்பானிய மனைவிக்கும் எந்நாட்டுக் கலை உயர்ந்தது என்று வழக்கு. ஜப்பானிலிருந்து ஏழு வல்லுநர்கள் வருகிறார்கள். ஒருவர் நிஞ்சா வித்தை கற்றவர். போட்டியில் ஒருவரும் சாகவில்லை. பகை மரியாதையாக மாறுகிறது.

சிலம்பம் ஆடுமுன் வணக்கம் செலுத்தும் நமக்கு இது புதிதல்ல. பிள்ளைகளுடன் இப்படங்களைப் பார்க்கும்போது, தோற்றவரை மதித்த அந்தப் பண்பையும் எடுத்துச் சொல்வோம்.