கோடைக்கால வெளிநாட்டுக் கல்வி: யார் போகலாம், எப்படிப் போகலாம்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி நிதி குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். அந்நிதிக்கு அண்மைக் காலமாக வருகின்ற ஒரு புதுவிதமான விண்ணப்பத்தைப் பற்றி மட்டுமே பேச விழைகிறேன். கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகச் செலவு என்று கேட்டு வந்த காலம் போக, இப்போது “கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இலண்டன் சென்று படித்து வர உதவி வேண்டும்” என்று கேட்கிறார்கள். ஆண் பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கொடுப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யுமுன், இஃது என்னவென்று நாம் அறிந்துகொள்ள வேண்டுமல்லவா?

வெளியூர் சென்று தொழில் கற்பது நம் செட்டிநாட்டு மண்ணுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் பெருமக்கள், தம் வீட்டுப் பிள்ளைகளை இளவயதிலேயே கப்பலேற்றி அனுப்பினார்கள். கடையில் மேலாள், அடுத்தாள் என்ற வரிசையில் கடைசியாக நின்றவர் பெட்டியடிப் பையன். அந்த நிலையில்தான் அவர் கணக்கும், மொழியும், மனிதரை எடைபோடுவதும் கற்றார். மூன்றாண்டு முடிந்தே ஊர் திரும்புவது அன்றைய வழக்கம். நம் சமுதாயத்து முன்னோர் பலரும் அதே துறைமுகங்களுக்கு அதே வழியில் சென்றவர்களே. இன்னும் பின்னோக்கிப் போனால், 1325ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்கென்று தஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. இன்றைய கல்லூரி இறுதியாண்டு மாணவனின் வயது! அவர் நம் மதுரைக்கும் வந்து போனார். ஆனால் அவர் பயணம் ஏறத்தாழ முப்பதாண்டு நீடித்தது. இங்கே நாம் பேசுவது ஒரு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரையிலான படிப்பு. மூன்றாண்டில் கற்றதை மூன்று வாரத்தில் கற்க இயலுமா என்பதுதான் கேள்வி.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழக அரசின் “நான் முதல்வன்” திட்டம் 2022 மார்ச் முதல் நாள் தொடங்கப்பட்டது. அதன் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரி மாணவ மாணவியர் 25 பேர், 2024 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கேயுள்ள டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார்கள். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் பாடப்பொருள். செலவு முழுவதும் அரசைச் சார்ந்தது. டர்ஹாம் 1832இல் நிறுவப்பட்ட பழம்பெரும் கல்விக்கூடம்.

ஒரு வாரத்தில் செயற்கை நுண்ணறிவைக் கற்றுவிட முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிச்சயமாக முடியாது. ஆயினும் அந்த ஒரு வாரம் தனியே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போனவர்கள் இங்கேயே பயிற்சி பெற்று, இங்கேயே தேர்வெழுதி, பலருள் சிலராக வடிகட்டப்பட்டவர்கள். பயணம் அந்த உழைப்பின் கடைசிப் படி. அதை மட்டும் கத்தரித்து எடுத்து விலைக்கு விற்றால் என்ன ஆகும்? அந்தக் கதையைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

ஒரு தகப்பனார் என்னிடம் வண்ண வண்ணமாக அச்சடித்த ஏடொன்றைக் கொண்டுவந்து காட்டினார். உலகப் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் அட்டையில் இருந்தது. பத்து நாள் கோடைக்கல்வி, சான்றிதழ், நகர உலா எல்லாம் உண்டு என்று எழுதியிருந்தது. வீட்டு நகையை அடகு வைத்தாவது மகனை அனுப்பிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். ஏட்டை இரண்டு முறை படித்தேன். பாடம் நடத்துவது யார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. சான்றிதழில் ஒப்பமிடுவது அந்த முகவர் நிறுவனமே என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இதில் சட்டப்படி பொய் ஏதுமில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் கோடை விடுமுறையின்போது மாணவர் அறைகள் காலியாகின்றன. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள கல்லூரிகள் பல, அறைகளையும் கூடங்களையும் தனியார் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. நம்மூரில் கல்யாண மண்டபம் எடுப்பதைப் போலத்தான். மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு மண்டபக்காரர் பொறுப்பாவாரா? தம் ஊரில் நடக்கும் தனியார் கோடைப் பள்ளிகளுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அவ்விரு பல்கலைக்கழகங்களும் வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாததால்தான் அந்த ஏடுகள் அச்சாகின்றன.

அப்படியானால் மெய்யான கோடைக்கல்வியை எப்படி இனங்காண்பது? பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துகிறதா, அதன் சொந்த ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்களா, முடிவில் தேர்வோ ஆய்வறிக்கையோ உண்டா, மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே வழங்குகிறதா என்று கேளுங்கள். ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பை 60 தகுதிப் புள்ளிகளாகப் பகுத்திருக்கிறார்கள். ஒரு புள்ளி என்பது வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்று புள்ளி தரும் கோடைப் படிப்பென்றால், ஏறத்தாழ எண்பது மணி நேரம் உங்கள் மகன் உட்கார்ந்து படித்தாக வேண்டும். “எத்தனை புள்ளி?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சுற்றுலா எது, கல்வி எது என்பது உடனே பிரிந்துவிடும்.

பணம் கொடுத்துப் போவதைவிட, அவர்களே பணம் கொடுத்து அழைக்கும் வழிகளும் உண்டு என்பதை நம் மாணவர்கள் பலர் அறியார். கனடா நாட்டின் மிட்டாக்ஸ் என்னும் அமைப்பு “குளோபலிங்க்” என்ற பெயரில், இந்தியா உள்ளிட்ட நாடுகளின் இளநிலை மாணவர்களைப் பன்னிரண்டு வார ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கிறது. தேர்வு பெற்றவர் அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் கீழ் நேரடியாக ஆய்வு செய்யலாம். பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவி உண்டு. விண்ணப்பம் முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது! நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் மாதத்தில்தான் கோடை விடுமுறையின் நினைவே வருகிறது. ஜெர்மனியில் 1925இல் தோன்றிய டாட் என்னும் கல்விப் பரிமாற்ற நிறுவனம் இரு வகையாக உதவுகிறது. பொறியியலும் அறிவியலும் பயிலும் இந்திய மாணவருக்கு இரண்டு, மூன்று மாத ஆய்வுப் பயிற்சி ஒன்று. இது குறிப்பிட்ட சில உயர்கல்வி நிறுவனங்களின் மாணவருக்கே உரியது. மற்றொன்று, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைக்கால மொழி வகுப்புக்கான உதவித்தொகை. குறைந்தது 18 நாள் வகுப்பு. இதற்கு ஜெர்மன் மொழியில் முன்கூட்டியே தேர்ச்சி வேண்டும். கலை, இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்வழி பொருந்தும். ஆனால் ஓராண்டுக்கு முன்பே சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல இடத்திலோ மொழி கற்கத் தொடங்கியாக வேண்டும்.

ஜப்பான் நாட்டில் 2014 முதல் நடைபெறும் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டம் வேறு விதமானது. தனி மாணவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. ஜப்பானியக் கல்வி நிறுவனமே அழைக்க வேண்டும். ஆகவே உங்கள் கல்லூரிக்கு ஜப்பானில் எந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு என்று துறைத்தலைவரிடம் விசாரிப்பதே முதல் வேலை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம் கோடையும் அவர்கள் கோடையும் ஒன்றல்ல. நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் பருவத்தேர்வு. ஜூனில் கல்லூரி திறப்பு. ஐரோப்பாவிலோ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் கோடை வகுப்புகள் பெரும்பாலும் நடக்கின்றன. அப்போது போகும் மாணவருக்கு இங்கே வருகைப்பதிவு குறையும், உள்மதிப்பீடு விடுபடும். முதல்வரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி தொழுகையும் உணவும் பற்றியது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொழுகை அறை உண்டு, ஹலால் உணவும் கிடைக்கும். நேரம்தான் நமக்குப் புதிது. டர்ஹாமில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது இரவு ஒன்பதே முக்கால் மணியளவில். மறுநாள் நாலரை மணிக்கெல்லாம் உதித்துவிடும். இடையில் முழு இருட்டென்பதே இல்லை. இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் அங்குள்ள பள்ளிவாசலின் கால அட்டவணையைப் பின்பற்ற வேண்டியிருக்கும். புறப்படுமுன் நம் இமாம் அவர்களிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நலம்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா? மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆலிம்களும் குடும்பத்தாரும் கலந்து முடிவு செய்ய வேண்டியது அது. கல்லூரி ஆசிரியை உடன்வரக் குழுவாகச் செல்லும் ஏற்பாடுகள் உண்டு என்ற செய்தியை மட்டும் சொல்லி வைக்கிறேன். அனுப்புவதில்லை என்று பின்னால் முடிவெடுக்க நேர்ந்தாலும், விண்ணப்பமே போடாதே என்று முதலிலேயே தடுத்துவிடாதீர்கள். தேர்வாகி வந்த கடிதம் கையில் இருக்கும்போது, வீட்டில் நடக்கும் பேச்சே வேறாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நம் பக்கத்திலேயே நடக்கிறது. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில் தமிழ் மொழி மையம் நடத்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் தம் கோடை விடுமுறையில் அங்கு வந்து எட்டு வாரம் தமிழ் படிக்கிறார்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் கடைத்தெருவிலும் பேருந்திலும் பேச்சுப் பழக்கம். ஊருக்குத் திரும்பும்போது நம் மொழியில் கடிதம் எழுதுகிற அளவுக்குச் சிலர் தேறிவிடுகிறார்கள். அவர்கள் இங்கு வரும் முன்பே அங்கே ஓராண்டோ ஈராண்டோ தமிழ் படித்துவிட்டு வருபவர்கள் பலர். எட்டு வாரம் பலன் தருவது அதனால்தான். டர்ஹாம் சென்றவர்களுக்கு நான் சொன்னதே இவர்களுக்கும் பொருந்துகிறது.

ஆகவே மாணவர்களே, முதல் கோடையை உள்நாட்டிலேயே செலவிடுங்கள். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் வாசற்படியில் இருக்கிறது. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து, இந்திய மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடை ஆய்வு நல்கை வழங்குகின்றன. ஒரு கோடையில் ஓர் ஆய்வகத்தில் உழைத்து, அங்குள்ள விஞ்ஞானியிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றவனின் விண்ணப்பத்தையே கனடாவிலும் ஜெர்மனியிலும் பிரித்துப் படிப்பார்கள்.

இனி, நம் நிதியைப் பற்றி. “ஒரு பையனை இலண்டன் அனுப்பும் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குப் பருவக் கட்டணம் கட்டலாமே” என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்தும் பிள்ளை ஒருவர் இருக்கும் வரை, பொது நிதியிலிருந்து பயணச் செலவு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முகவர் வழியே விலைக்கு வாங்கும் பத்து நாள் பயணத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது என்பதும் என் கருத்து.

ஆனால் நம்மால் செய்யக்கூடிய சிறு உதவிகள் இருக்கின்றன. கடவுச்சீட்டு இல்லாத காரணத்தால் வாய்ப்பை இழப்பவர் உண்டு; சாதாரண முறையில் அதற்கு ஆகும் கட்டணம் 1,500 ரூபாய்தான். இரண்டாமாண்டில் அடியெடுத்து வைக்கும் நம்மூர் மாணவ மாணவியர் ஒவ்வொருவரையும் அதற்கு விண்ணப்பிக்கச் செய்து, இயலாதவர்க்கு ஜமாஅத் அக்கட்டணத்தைக் கட்டலாம். ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கும் ஜெர்மன் மொழி வகுப்புக்கும் ஆகும் தொகையை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்து, வேலைக்குப் போனபின் திருப்பிப் பெறலாம். வெளிநாட்டு நிறுவனமே செலவை ஏற்று ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, விமானச் சீட்டுக்கோ விசாவுக்கோ மட்டும் பணம் குறைந்தால், அதற்கெனத் தனியாக நன்கொடை திரட்டலாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மூர்ச் சகோதரர்கள் இதற்குக் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஏற்பதும் திருத்துவதும் பொதுக்குழுவின் உரிமை.

வரும் ஆகஸ்ட் மாதம் ஏதேனுமொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மதரஸா கூடத்தில், செப்டம்பர் மாதத்துக்குள் அனுப்ப வேண்டிய விண்ணப்பங்களை நிரப்ப மாணவர்களோடு உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். வருபவர்கள் மதிப்பெண் பட்டியல்களின் நகலையும், தம்மை நன்கறிந்த ஆசிரியர் இருவரின் பெயரையும் கொண்டு வாருங்கள். மாணவிகள் தாயாரோடு வரலாம். கணினி தெரிந்த இளைஞர் இருவர் உதவிக்கு வேண்டும். விருப்பமுள்ளவர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.