இல்லை என்று சொன்னது யார்?



பட்டதாரிகளே, ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த நிறுவனத்தின் வாரிசுக் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்ற கேசவ் தேவ் மாளவியாவைப் பற்றி இன்று புதுச்சேரியின் இந்தக் கனகசெட்டிக்குளத்தில் பேச விரும்புகிறேன்.

கான்பூரில் எண்ணெய்த் தொழில்நுட்பம் படித்தவர் அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1950களில் மத்திய அமைச்சரானபோது, அசாமைத் தாண்டி இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் கிடைக்காது என்பதே வெளிநாட்டுக் கம்பெனிகளின் பேச்சாக இருந்தது. நமக்கு மண்ணெண்ணெய் விற்றவர்களும் அவர்களே. 'இல்லை' என்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது. மாளவியா அதைக் கண்டுகொண்டார். என்னைக் கேட்டால், அவர் செய்த மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய காரியம்.

1956 ஆகஸ்ட் 14இல் எண்ணெய் தேடும் அரசு அமைப்பான ஓ.என்.ஜி.சி. ஆணையமானது. சோவியத் நிபுணர்களோடு நம் இளைஞர்கள் வயல்காட்டில் இறங்கினார்கள். துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைச் சலித்து, கழுவி, புற ஊதா விளக்கின் கீழ் வைப்பார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் துணுக்கு மின்னும். மாதக்கணக்கில் மின்னாமலும் போகும். 1958இல் குஜராத்தின் காம்பேயிலும் 1960இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. அதே 1960இல் மலிவான சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் மறுத்தன. ஆனாலும் தங்கள் விலையைக் குறைக்க வேண்டி வந்தது.

குறையில்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நன்கொடை விவகாரத்தில் 1963இல் பதவி விலகினார். 1970களில் பெட்ரோலியத் துறைக்கே அமைச்சராகத் திரும்பினார். 1976இல் அந்த வெளிநாட்டுக் கம்பெனிகளில் ஒன்றான பர்மா ஷெல் அரசுடைமையானபோது அந்தத் துறை அவர் கையில்தான் இருந்தது.

அவர் வளர்த்த ஓ.என்.ஜி.சி. நம் காரைக்காலுக்கும் வந்தது. அதன் அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுத்தது. இன்று காவிரி டெல்டா விவசாயிகள் அதனிடமே கேட்கிறார்கள்: எங்கள் நிலத்தடி நீருக்கு ஆபத்து இல்லை என்று சொல்வது யார், அளந்தது யார்? நியாயமான கேள்வி. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நெடுவாசல் கிராமமும் அதைத்தான் கேட்டது. 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தாலும், ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, அந்த அறிக்கையை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்களில் சிலராவது அந்த வேலைக்குப் போங்கள். அந்த டெல்டாவில் உள்ள காரைக்காலில் இருப்பவர்களும் நம் ஜனங்கள்தான்.