சியாங்லிங் என்னும் வாசகி



வேற்றுமொழிப் புதினம் ஒன்றை மொழிபெயர்ப்பில் படித்து மனம் கலங்கும் வாசகரை நோக்கி எழுப்பப்படும் வினா ஒன்று உண்டு. மூலத்தின் மொழி அவருக்குத் தெரியாது. அந்நாட்டுச் சடங்கும் உறவுமுறையும் தெரியா. அங்கே பூக்கும் பூவின் மணத்தைக்கூட அவர் அறியார். அவ்வாறிருக்க, அந்தக் கலக்கம் நூலால் விளைந்ததா, அல்லது தம் சொந்தத் துயரை அவர் நூலின்மேல் ஏற்றிக்கொண்டாரா என்பதே அவ்வினா. இதற்கு விடை காணத் திறனாய்வுக் கொள்கை நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘செம்மாடக் கனவு’ என்னும் சீனப் புதினம், தன் கதைமாந்தருள் ஒருத்தியின் வாயிலாகவே அந்த விடையைச் சொல்லி வைத்திருக்கிறது. அவள் தலைவியும் அல்லள், உயர்குடிச் செல்வியும் அல்லள். விலைக்கு வாங்கப்பட்ட பெண் அவள். பெயர் சியாங்லிங்.

முதலில் நூலைப் பற்றிச் சில சொற்கள். இதன் ஆசிரியர் சாவ் சுவேசின். அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாக நாஞ்சிங் நகரில் அரசவைக்குரிய பட்டு நெசவுச்சாலைகளின் மேற்பார்வைப் பதவியை வகித்தவர்கள். 1728இல் குடும்பச் சொத்துகள் அரசால் பறிமுதல் செய்யப்பட்டன. பெய்ஜிங்கின் மேற்குப் புறத்தில் வறுமையில் வாழ்ந்த ஆசிரியர், நூலை முடிக்காமலேயே 1763 அல்லது 1764இல் மறைந்தார். 80 அத்தியாயங்கள் கொண்ட கையெழுத்துப் படிகளாக அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1791இல் செங் வெய்யுவான், காவ் ஏ ஆகிய இருவரும் 120 அத்தியாயங்களாக அச்சேற்றினர். பிற்பகுதி 40 அத்தியாயங்கள் யாருடையவை என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

நூலின் சட்டகம் மாயப் புனைவு, உள்ளீடு காதல். வானத்தைச் செப்பனிட நூவா என்னும் தேவதை 36,501 கற்களை உருக்கினாள். அவற்றுள் ஒன்று மட்டும் பயன்படாமல் எஞ்சியது. உணர்வு பெற்றுவிட்ட அக்கல், தான் ஒதுக்கப்பட்டதை எண்ணி அழுதது. அக்கல் மண்ணுலகு காணப் புறப்படும் வேளையில், விண்ணுலகில் வேறொரு கடன் தீர்க்கப்பட இருந்தது. அங்கே ஆற்றங்கரையில் வாடிக் கிடந்த செம்முத்துச் செடிக்குத் தேவன் ஒருவன் நாள்தோறும் பனிநீர் வார்த்தான். செடி பெண்ணுருக் கொண்டது. அவன் மண்ணில் பிறக்கப் போவதறிந்த அவள், தானும் பிறந்து, அவன் வார்த்த நீருக்கு ஈடாக வாழ்நாள் கண்ணீர் அனைத்தையும் செலுத்துவதாக உறுதி பூண்டாள். வாயில் மணிக்கல்லோடு பிறந்த ஜியா பாவ்யூவும், அவன் மாமன்முறை உறவிலே வந்த லின் தாய்யூவும் அவ்விருவரே. கண்ணீரைக் கடனாகவும் கடன் தீர்ப்பாகவும் கண்ட கற்பனை இது.

இக்காதலர் இருவர்மீதே பெரும்பாலான வாசகரின் கண் நிற்கிறது. அது இயல்பே. ஆயின் முதல் அத்தியாயத்தில், செம்முத்துச் செடியின் கதையைக் கனவில் கேட்ட மனிதர் ஒருவர் விழித்தெழுந்து தம் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். விளக்குத் திருவிழா இரவில் அக்குழந்தை களவு போகிறது. அதன் பெயர் சென் யிங்லியன். சீன மொழியில் இப்பெயரின் ஓசை ‘உண்மையில் இரங்கத்தக்கவள்’ என்றும் பொருள்படும். கடத்தியவனே அவளை வளர்க்கிறான், அடித்து வளர்க்கிறான். வளர்ந்தபின் ஒரே பெண்ணை இருவருக்கு விற்கிறான். வாங்கியவருள் ஒருவனை மற்றவனான சுவே பானின் ஆட்கள் அடித்துக் கொல்கின்றனர். கொலை வழக்கு மூடி மறைக்கப்படுகிறது. சுவே பான் அவளையும் அழைத்துக்கொண்டு தலைநகருக்குப் பயணமாகிறான். அவளுக்குச் சியாங்லிங் என்ற புதுப்பெயர் இடப்படுகிறது. ஏழாம் அத்தியாயத்தில் பணிப்பெண் ஒருத்தி அவளிடம் பரிவோடு கேட்கிறாள்: எந்த வயதில் வந்தாய்? பெற்றோர் எங்கே? உன் ஊர் எது? எல்லாவற்றுக்கும் தலையை அசைத்து, நினைவில்லை என்கிறாள் சியாங்லிங். கேட்டவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். கதை அவளை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நாற்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கழித்து, 48ஆம் அத்தியாயத்தில், அவளுக்கு ஒரு வாயில் திறக்கிறது. வேறொருவனிடம் அடிபட்டு அவமானமுற்ற சுவே பான், வணிகத்தின் பெயரால் நெடும்பயணம் போகிறான். அவன் தங்கை பாவ்சாய், சியாங்லிங்கைத் தன்னோடு தங்கப் பெண்கள் வாழும் பூந்தோட்டத்துக்குள் அழைத்து வருகிறாள். வந்த அன்றே சியாங்லிங் கேட்பது கவிதை கற்பிக்க வேண்டும் என்பதுதான். கிடைத்ததோடு நில்லாமல் இன்னமும் கேட்கிறாயே என்று பாவ்சாய் சிரித்துத் தள்ளிப்போடுகிறாள். சியாங்லிங் தாய்யூவிடம் போகிறாள். தாய்யூ உடனே இசைகிறாள்.

தாய்யூ வகுக்கும் பாடத்திட்டம் கவிஞர்கள் கேட்கத்தக்கது. யாப்பு அமைதியை அவள் சில சொற்களில் முடித்துவிடுகிறாள். கருத்தே முதன்மையானது, உண்மையிலேயே அரிய அடி அமைந்துவிட்டால் ஓசை ஒழுங்கு சற்றுப் பிறழ்ந்தாலும் குற்றமில்லை என்பது அவள் கொள்கை. பின்னர்ப் படிக்க வேண்டியவற்றை எண்ணிக்கையோடு சொல்கிறாள். வாங் வெய்யின் ஐஞ்சொல் யாப்புக் கவிதைகள் நூறு. அடுத்து தூ ஃபூவின் எழுசொல் யாப்புக் கவிதைகள் நூறு இருநூறு. அதன்பின் லீ பாயின் நாலடிக் கவிதைகள் நூறு இருநூறு. இம்மூவரும் அடித்தளமாக அமைந்தபின் தாவ் யுவான்மிங் முதலிய முன்னோரைக் காண வேண்டும். லூ யூவின் ஈரடி ஒன்று பிடித்திருக்கிறது என்று சியாங்லிங் சொன்னபோது, அத்தகையதைக் கற்காதே, மேலோட்டமானவற்றில் தொடக்கத்திலேயே மனம் பழகிவிட்டால் பிறகு மீள முடியாது என்று தாய்யூ தடுக்கிறாள்.

சியாங்லிங் இரவெல்லாம் விளக்கடியில் வாங் வெய்யைப் படிக்கிறாள். பாவ்சாய் பலமுறை அழைத்தும் உறங்கவில்லை. நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, படித்ததில் உணர்ந்தது என்ன என்று தாய்யூ வினவுகிறாள். சியாங்லிங் சொல்லும் மறுமொழியே இன்றைய உரையின் மையம். வாயால் விளக்க முடியாதது நினைத்துப் பார்த்தால் கண்முன் நிற்கிறது. அறிவுக்குப் பொருந்தாதது போலிருப்பது நினைத்துப் பார்த்தால் முற்றும் பொருந்துகிறது என்கிறாள். பாலைவெளியைப் பாடும் கவிதையில் புகையை நேர் என்றும் கதிரவனை வட்டம் என்றும் கவிஞர் சொல்கிறார். புகை எவ்வாறு நேராக நிற்கும்? கதிரவன் வட்டம் என்பது சிறுபிள்ளையும் அறிந்ததன்றோ? ஆனால் நூலை மூடினால் அக்காட்சி தெரிகிறது. அவ்விரு சொற்களுக்கு மாற்றாக வேறு இரண்டு தேடினால் கிடைக்கவில்லை. இன்னோரிடத்தில் வரும் இரு நிறச்சொற்களைப் பற்றிச் சொல்லும்போது, அவை வாயில் பல ஆயிரம் கட்டி எடையுள்ள ஒலிவக்காயை அடக்கியது போல் கனக்கின்றன என்கிறாள்.

இதுவரை அவள் கூர்மையான மாணவி. அடுத்துச் சொல்வது வேறு வகையானது. ஆற்றுத்துறையில் எஞ்சி நிற்கும் மாலை வெயிலையும் சிற்றூரில் எழும் ஒற்றைப் புகையையும் பாடும் கவிதையை எடுக்கிறாள். தலைநகருக்கு வந்த ஆண்டில் ஒரு மாலை படகைக் கரையில் கட்டினோம், ஆளரவம் இல்லை, சில மரங்கள் மட்டும் நின்றன, தொலைவில் சில வீடுகளில் இரவுச் சோறு ஆக்கினார்கள், அந்தப் புகை பச்சை பாரித்து மேகம் வரை எழுந்தது, நேற்றிரவு இவ்வடிகளைப் படித்தபோது அவ்விடத்துக்கே திரும்பப் போய்விட்டது போலிருந்தது என்கிறாள்.

தலைநகருக்கு வந்த அந்தப் பயணம் எது? நூல் இவ்விடத்தில் சொல்வதில்லை. நான்காம் அத்தியாயத்தை மறவாத வாசகரே அறிவார். அது, ஒருவன் அவள்பொருட்டுக் கொலையுண்டபின், கொன்றவனின் உடைமையாக அவள் வந்த பயணம். பெற்றோரும் ஊரும் நினைவில்லை என்று தலையசைத்தவளுக்கு ஒரு கவிதை நினைவைத் திருப்பித் தருகிறது. அது தாய்முகத்தைத் தரவில்லை. யாரோ யாருக்காகவோ சோறாக்கிய புகையைத் தருகிறது. அப்புகை எழுந்த வீடுகளுள் எதுவும் அவளுடையது அன்று. அத்தனையையும் அவள் துயரக் குரலில் சொல்லவில்லை. ஒரு சொல் எவ்வளவு நன்றாக அமைந்தது என்பதற்குச் சான்றாகச் சொல்கிறாள். அழுகை என்னும் மெய்ப்பாடு கண்ணீர் இன்றியே நிகழ்ந்துவிடுகிறது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இங்கே விடை இருக்கிறது. தன் மாலைப்பொழுதைச் சியாங்லிங் கவிதையின்மேல் ஏற்றினாளா? ஏற்றினாள். ஆனால் அந்த மாலையை அவளுள் எழுப்பியது குறிப்பிட்ட ஒரு சொல். அச்சொல்லையும் அவள் தவறாமல் சுட்டிக் காட்டுகிறாள். சொந்த வாழ்வு மட்டும் பேசியிருந்தால் அது புலம்பல். சொல் மட்டும் பேசியிருந்தால் அது பாடம். இரண்டும் சந்திக்கும் புள்ளியே வாசிப்பு. அதற்கு மேலும் பயிற்சி தேவை என்பதையும் நூல் மறப்பதில்லை. அவ்வடிக்குத் தாவ் யுவான்மிங்கின் முன்னோடி அடி ஒன்று உண்டு என்று தாய்யூ உடனே எடுத்துக் காட்டுகிறாள். சியாங்லிங் மகிழ்ந்து கற்றுக்கொள்கிறாள். நிலவைப் பற்றி அவள் எழுதிய முதற்கவிதை தேறவில்லை. இரண்டாவதும் தேறவில்லை. மூன்றாவதைக் கனவில் இயற்றுகிறாள்; அதை எல்லாரும் பாராட்டுகின்றனர்.

இக்காட்சிக்கு மிகப் பழைய வாசகர் எதிர்வினை ஒன்றும் கிடைத்திருக்கிறது. நூல் கையெழுத்தில் உலவிய காலத்திலேயே, ஆசிரியரை நெருங்கி அறிந்தவர்கள் படிகளில் குறிப்புகள் எழுதினர். அவர்களுள் முதன்மையானவர் ‘செஞ்சாந்து மைக்கல்’ என்னும் பொருள்படும் புனைபெயர் கொண்டவர். 1760ஆம் ஆண்டுப் படியின் வழிவந்த கையெழுத்துப் பிரதியில், 48ஆம் அத்தியாயத்தில் நீண்ட குறிப்பொன்று இருக்கிறது. பிறப்பிலும் அழகிலும் அறிவிலும் தோட்டத்துச் செல்வியர் எவருக்கும் சியாங்லிங் தாழ்ந்தவள் அல்லள்; விதியால் துணைமனைவியாகிக் கவிதைக் கூட்டத்தில் இடமின்றிப் போனாள்; இத்தகையவள் தோட்டத்தில் நுழையாதிருக்கலாமா? அவள் நுழைய வேண்டுமென்றால் சுவே பான் தொலைவு போக வேண்டும். அதற்காகவே ஆசிரியர் அவனைப் பயணம் அனுப்பினார் என்று அக்குறிப்பாளர் விளக்குகிறார். ஒரு பெண் கவிதை படிப்பதற்காக ஒரு கதைத் திருப்பமே அமைக்கப்பட்டது என்பது அவர் கண்ட நுட்பம்.

இனி மொழிபெயர்ப்பு. இந்நூலை ஆங்கிலத்தில் முழுமையாகத் தந்த இரு முயற்சிகள் புகழ்பெற்றவை. டேவிட் ஹாக்ஸ் 1971இல் ஆக்ஸ்போர்டில் வகித்த சீனமொழிப் பேராசிரியர் பதவியைத் துறந்து இப்பணியில் இறங்கினார். 80 அத்தியாயங்களை 1973, 1977, 1980 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். எஞ்சிய இரண்டையும் ஜான் மின்ஃபோர்டு 1982, 1986 ஆண்டுகளில் நிறைவு செய்தார். பெய்ஜிங்கில் யாங் சியன்யி, கிளாடிஸ் யாங் இணையரின் பெயர்ப்பு 1978 முதல் 1980 வரை வெளிவந்தது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் 1968 முதல் 1972 வரை இருவரும் சிறையில் இருந்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது.

சியாங்லிங் என்றால் மணமுள்ள லிங் என்று பொருள். லிங் குளத்தில் படரும் நீர்ச்செடி. அதன் கூர்முனைக் கொட்டை உணவாகும். யாங் இணையர் பெயரின் ஓசையைக் காத்தனர்; பொருள் போயிற்று. ஹாக்ஸ் செடியின் ஆங்கிலப் பெயரான ‘கால்ட்ராப்’ என்பதையே அவளுக்குச் சூட்டினார். செடி வந்தது, மணம் பின்தங்கியது. செம்மை நிறத்திலும் இதே சிக்கல். சீனர்க்குச் செம்மை இளமைக்கும் மங்கலத்துக்கும் உரியது. ஆங்கிலத்தில் அப்பொருளுக்குப் பச்சையும் பொன்னிறமும் அணுக்கம் என்று கருதிய ஹாக்ஸ், பாவ்யூவின் செம்மை மனையைப் பசுமை மனையாக்கினார். இதில் இழப்பு உண்டு என்பதை அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு வாங் வெய் கிடைக்கிறாரா? அந்த இரு சொற்களின் ஓசை கிடைக்காது; சொல்லோடு சொல் எதிர்நிற்கும் அமைதியும் கிடைக்காது. ஆனால் அச்சொல்லைப் படித்த பெண்ணின் வாயில் கனத்த ஒலிவக்காய் அப்படியே வந்து சேர்கிறது. அவள் கண்ட பச்சைப் புகை வந்து சேர்கிறது. அடி முழுமையாகக் கடல் கடப்பதில்லை. அந்த அடிக்கு ஒரு மனம் தந்த மறுமொழி கடந்துவிடுகிறது. வாசகரின் எதிர்வினை நூலுக்கு வெளியே ஒட்டிக்கொண்ட மிகை அன்று; நூல் பயணம் செய்யும் வாகனங்களுள் அதுவும் ஒன்று.

அவளுடைய முடிவு இனியதன்று. சுவே பான் மணம் முடித்த ஜின்குய் என்பவள் சியாங்லிங்கை வாட்டுகிறாள். 80ஆம் அத்தியாயத்தில், லிங் பூவுக்கு மணம் ஏது, பெயரே பொய்யன்றோ என்று ஏளனம் செய்கிறாள். சியாங்லிங் பணிவாக மறுமொழி சொல்கிறாள்: லிங் மட்டுமன்று, தாமரை இலைக்கும் காய்க்கும்கூட மெல்லிய மணம் உண்டு, அமைதியான இரவிலும் விடியற்காலையிலும் கூர்ந்து உணர்வார்க்கு அது பூவின் மணத்தினும் இனிது. அடுத்த கணமே ஜின்குய் அவள் பெயரிலிருந்து மணம் என்னும் சொல்லை நீக்கிவிட்டு வேறு சொல்லை வைக்கிறாள். கடத்தியவனும் வாங்கியவனும் பறித்தவை போக எஞ்சியிருந்த ஒரு சொல்லும் இவ்வாறு பறிபோகிறது. ஆனால் அம்மணம் எப்போது புலப்படும் என்று அவள் சொன்ன விளக்கத்தை யாராலும் நீக்க முடியவில்லை. செடியின் பெயரும் மணமும் அறியாத வேற்றுமொழி வாசகரிடமும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே, அயல்நாட்டு நூலொன்றால் கலங்கி வரும் வாசகரிடம், அழுவதற்கு உமக்கு என்ன உரிமை என்று கேட்பது பொருளற்றது. தாய்யூ கேட்டதையே கேட்க வேண்டும்: படித்ததில் உணர்ந்தது என்ன, எந்தச் சொல்லில் உணர்ந்தீர்? அவ்வினாவைப் பொறுமையோடு கேட்டு, விடையைச் செவிமடுப்பதற்குத்தான் இலக்கிய வட்டங்கள் இருக்கின்றன.